நான்கு நிலங்களும் ஆறு வாரமும்

வழக்கு எண் விழாமலே முடிந்த விவகாரம் இது. மனு தாக்கலாகவில்லை, நீதிபதி முன் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு வக்கீல் சந்திக்கக்கூடிய சிக்கல்களில் பாதி அந்த ஒரே கோப்பில் இருந்தன. இங்கிலாந்தின் தெற்கே ஒரு மாவட்ட கவுன்சிலின் சட்டப் பிரிவில் நான் சொலிசிட்டராக இருந்தபோது நடந்தது. ஊர், கவுன்சில், எதிர்த்தரப்பு எதன் பெயரும் இங்கே வராது. சட்டமும் தீர்ப்புகளும் மட்டும் உள்ளது உள்ளபடி.

இங்கிலாந்தின் ஊர்களுக்கு 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் ஒரு புது அதிகாரத்தைக் கொடுத்தது. தன் எல்லைக்குள் எங்கே வீடு கட்டலாம், எப்படிப்பட்ட வீடு கட்டலாம், எந்த வெளியைத் தொடக்கூடாது என்பதை ஊரே எழுதிக்கொள்ளலாம். சட்டம் இதை நெய்பர்ஹுட் டெவலப்மென்ட் பிளான் என்கிறது. ஊர்த்திட்டம் என்று வைத்துக்கொள்வோம். பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றம் இருக்கும் இடத்தில் அதுவே எழுதும். இல்லாத நகர்ப்பகுதியில் குறைந்தது 21 பேர் சேர்ந்து ஒரு மன்றம் அமைத்து எழுத வேண்டும். முதல் திட்டம் கம்ப்ரியாவின் அப்பர் ஈடன் பள்ளத்தாக்கில் 2013இல் வாக்கெடுப்புக்கு வந்து வென்றது.

ஊர் எழுதியதுதானே என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அமலுக்கு வந்துவிட்டால் அது மாவட்டத்தின் சட்டபூர்வமான வளர்ச்சித் திட்டத்தில் ஒரு பகுதி. வேறு பொருத்தமான காரணம் குறுக்கே நின்றாலொழிய, கட்டட அனுமதி விண்ணப்பங்களை அதன்படிதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கிராமத்துக் குழு எழுதிய பத்தி ஒன்று, பல கோடி மதிப்புள்ள நிலத்தின் தலையெழுத்தை மாற்றும். வக்கீல்கள் உள்ளே வருவது அதனால்தான்.

மாவட்ட கவுன்சிலுக்கு இதில் என்ன வேலை? மேலதிகாரி கையெழுத்துப் போட்டு அங்கீகரிப்பது போல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், சில கவுன்சிலர்கள் உட்பட. உண்மையில் கவுன்சிலின் கை ரொம்பவே கட்டப்பட்டிருக்கிறது. ஊர் முதலில் தானே ஆறு வாரம் வரைவைச் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்கிறது. பிறகு வரைபடம், திட்டம், யாரிடம் எப்படிக் கருத்துக் கேட்டோம் என்ற அறிக்கை, சட்ட நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்ற அறிக்கை எல்லாவற்றையும் கவுன்சிலிடம் கொடுக்கிறது. காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கவுன்சில் இன்னும் ஆறு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. அதன்பின் ஊரின் சம்மதத்தோடு ஒரு சுயேச்சையான ஆய்வரை நியமிக்கிறது. பெரும்பாலும் அவர் விசாரணை எதுவும் நடத்துவதில்லை. காகிதத்தில் வந்ததைப் படித்து, ஊரைச் சுற்றிப் பார்த்து, அறிக்கை எழுதுவார்.

அவர் பார்ப்பது அடிப்படை நிபந்தனைகள் என்று சட்டம் பட்டியலிட்டவற்றை மட்டும். தேசியக் கொள்கையைக் கருத்தில் கொண்டிருக்கிறதா, நிலைத்த வளர்ச்சிக்கு உதவுமா, மாவட்டத் திட்டத்தின் முக்கியக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துப்போகிறதா, ஐரோப்பியச் சட்டக் கடமைகளை மீறுகிறதா (நான் சொல்லும் காலத்தில் அவை நடைமுறையில் இருந்தன) என்பவை அவற்றில் முக்கியமானவை. மாவட்டத் திட்டத்துக்கு வைக்கும் கடுமையான சோதனையை ஊர்த்திட்டத்துக்கு வைக்க வேண்டியதில்லை என்று செஷையரின் டாட்டன்ஹால் ஊர்த்திட்ட வழக்கில் 2014இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அளவுகோல் இலகுவானது. ஆனால் அது அளவுகோல்தான்.

எங்கள் ஊர்த்திட்டத்துக்கு வருகிறேன். பாரிஷ் கவுன்சில் நல்ல உழைப்பு உழைத்திருந்தது. வீடே வேண்டாம் என்று அடம்பிடிக்கவில்லை. ஊரின் கிழக்கே ஒரு நிலத்தைத் தாங்களே வீட்டுமனைக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு ஈடாகப் பதினோரு இடங்களை உள்ளூர்ப் பசுமைவெளி என்று அறிவிக்கக் கேட்டார்கள். தேசியக் கொள்கையில் இந்த அந்தஸ்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும். அழகு, வரலாறு, விளையாட்டு, அமைதி, உயிரினச் செழிப்பு போன்ற ஏதோ ஒன்றால் அந்த ஊருக்கு விசேஷமானது என்று காட்ட முடிய வேண்டும். பரந்து விரிந்த நிலமாக இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தி அறிவித்துவிட்டால், அந்த இடத்துக்கு லண்டன் போன்ற நகரங்களைச் சுற்றியுள்ள பசுமை வளையத்துக்கு நிகரான பாதுகாப்பு கிடைக்கும்.

இடம் ஒன்றுக்கு ஒரு வரிசை என்று பதினோரு வரிசைகளில் அட்டவணை போட்டிருந்தார்கள். ‘ஏன் விசேஷம்?’ என்ற கட்டத்தில் முதல் வரிசையில் ஒரு வாக்கியம்: ஊர் மக்களால் மிகவும் நேசிக்கப்படும் திறந்தவெளி, கிராமத்தின் இயல்புக்கு இன்றியமையாதது. இரண்டாவது வரிசையிலும் அதே வாக்கியம். மூன்றாவதிலும் அதே. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி, பதினொன்றாவது வரை அதுவே. ஏழு இடங்களுக்கு வேறு இணைப்புகளில் ஆதாரம் இருந்ததால் தப்பின. விளையாட்டு மைதானத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் யார் பெரிதாக விளக்கம் கேட்கப்போகிறார்கள்? மீதி நான்குக்கு அந்த வாக்கியத்தைத் தவிர ஒன்றுமில்லை.

2019 இலையுதிர் காலத்தில் ஆய்வர் அறிக்கை வந்தது. திட்டம் வாக்கெடுப்புக்குப் போகலாம், ஆனால் அந்த நான்கு இடங்களையும் நீக்க வேண்டும் என்றார். ஒரே வாக்கியம் நான்கு வெவ்வேறு நிலங்களின் தனித்தன்மையை எப்படிக் காட்டும் என்று கடுமையில்லாமல் கேட்டிருந்தார்.

ஊர் கொதித்தது. நான்கில் ஒன்று தேவாலயத்துக்குப் பின்னால் சுமார் இரண்டு ஏக்கர் புல்வெளி. அதன் சொந்தக்காரர்கள் ஒரு பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை வாங்கும் உரிமையை ஒரு பில்டருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆய்வர் பில்டருக்குச் சாதகமாக எழுதிவிட்டார் என்று ஊரில் பேச்சு. அதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. அறிக்கையைப் படித்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

கேபினட் கூட்டத்துக்கு முந்தைய ஆலோசனையில் ஒரு கவுன்சிலர் நேரடியாகவே கேட்டார்: “ஆய்வர் சொன்னது பரிந்துரைதானே? ஊரே ஒருமனதாகக் கேட்கிறது. நாளைக்கு நான்கையும் திரும்பச் சேர்த்து ஒரு தீர்மானம் போட்டால் என்ன?”

பரிந்துரைதான். ஆய்வரின் அறிக்கை கவுன்சிலைக் கட்டாயப்படுத்தாது; ஆனால் அதை மறுக்கும் வழியைச் சட்டம் குறுகலாக வைத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 4பி என்ற அட்டவணை இதற்கென்றே சேர்க்கப்பட்டது. அதன்படி கவுன்சில் ஒவ்வொரு பரிந்துரையையும் தனித்தனியே எடுத்து, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். புது ஆதாரம், புது உண்மை, அல்லது ஒரு குறிப்பிட்ட உண்மையைப் பற்றிய மாறுபட்ட பார்வை காரணமாக ஆய்வரிடமிருந்து விலகுவதானால், சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, ஆறு வாரம் கருத்துக் கேட்டாக வேண்டும். தேவைப்பட்டால் அந்த விஷயத்தை மட்டும் மறுபடி சுயேச்சை ஆய்வுக்கு அனுப்பலாம். ஊர் கேட்கிறது என்பது இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

“அப்படியானால் ஊர் விருப்பத்துக்கு மதிப்பே இல்லையா?” என்றார் அவர்.

“வாக்கெடுப்பில் இருக்கிறது. அதுவரை காரணத்துக்குத்தான் மதிப்பு,” என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உடனே ஹென்ஃபீல்டைப் பற்றிச் சொன்னேன்.

ஹென்ஃபீல்டு மேற்கு சசெக்ஸில் ஓர் ஊர். அதன் ஊர்த்திட்டம் எல்லாப் படிகளையும் தாண்டி, 2016இல் வாக்கெடுப்பிலும் பெரும்பான்மையோடு வென்று அமலுக்கு வந்தது. ஒரு கட்டுமான நிறுவனம் நீதிமன்றம் போனது. ஊரின் மேற்குப் பக்கம் வீடு கட்டுவதைத் திட்டம் ஒதுக்கித் தள்ளியிருந்தது. சாலை தாங்காது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அதே பக்கத்தில் ஒரு நிலத்துக்கு, சாலை தடையாகக் கருதப்படாமல், அனுமதி கிடைத்திருந்தது. மாற்று வழிகளை ஒழுங்காக எடைபோடவில்லை என்று சொல்லி அதே வருடம் உயர் நீதிமன்றம் திட்டம் முழுவதையும் ரத்து செய்தது. ஊர் மக்கள் போட்ட ஓட்டு, காரணத்தில் இருந்த ஓட்டையை அடைக்கவில்லை.

எதிர் உதாரணமும் அதே வருடம் வந்தது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ், புதிதாகக் கட்டும் வீடுகளை ஆண்டு முழுவதும் வசிப்பவர்களுக்கே ஒதுக்கும் கொள்கையைத் தன் ஊர்த்திட்டத்தில் வைத்தது. விடுமுறை வீடுகளால் உள்ளூர்க்காரர்களுக்கு இடமில்லாமல் போவதைத் தடுக்கும் முயற்சி அது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள்; ஊர் ஜெயித்தது. கொள்கை எவ்வளவு துணிச்சலானது என்பது நீதிமன்றத்துக்கு ஒரு பொருட்டில்லை. அதைத் தாங்கும் கால் இருக்கிறதா என்றுதான் பார்த்தது.

அன்று மாலை பாரிஷ் கவுன்சில் தலைவி, திட்ட அதிகாரி, நான் மூவரும் நான்கு நிலங்களையும் வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது, ஊருக்கு வடக்கே விளைநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை போகிறது. ‘பரந்து விரிந்த நிலம்’ என்ற தடைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டாவது, சாலையோரப் புல் பட்டை. நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பது, தனிப் பாதுகாப்பால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. மூன்றாவதில் ஏற்கெனவே வீடு கட்ட அனுமதி கொடுத்தாயிற்று. அப்படிப்பட்ட இடத்துக்குப் பசுமைவெளி அந்தஸ்து பெரும்பாலும் பொருந்தாது என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. நான்காவது, தேவாலயப் புல்வெளி.

“மூன்றை விட்டுவிட்டால் நான்காவதற்குப் போராடலாம். நான்கையும் பிடித்துக்கொண்டு நின்றால் நான்கும் போகும்,” என்றேன். தலைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துவிட்டு, “புல்வெளிக்கு என்ன வேண்டும் உங்களுக்கு?” என்று கேட்டார். நேசிக்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றேன்.

ஆசிரியைக்கு எங்கே தேடுவதென்று தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் பழைய பள்ளிகளில் தலைமையாசிரியர் தினக்குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. ஊர்ப் பள்ளியின் குறிப்பேடுகள் மாவட்டத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு வந்தார். விளையாட்டு விழா தேவாலயப் புல்வெளியில் நடந்தது, காலையில் மழை பெய்ததால் சாக்கு ஓட்டம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது என்று மை மங்கிய கையெழுத்தில் ஒரு பதிவு. அதே மாதிரி வருடா வருடம் வெவ்வேறு கையெழுத்துகளில். 1953இல் அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை ஊர் கொண்டாடியதும் அங்கேதான் என்று பாரிஷ் கவுன்சிலின் பழைய கூட்டக் குறிப்பு சொன்னது. சமீப காலம் வரை கோடைத் திருவிழாவும் அங்கேதான் நடந்துவந்தது, நில உரிமையாளர் அனுமதியோடு. குறுக்கே போகும் பொது நடைபாதை வரைபடத்திலேயே இருக்கிறது. வரலாறு, விளையாட்டு இரண்டுக்கும் இப்போது காகிதம் வந்துவிட்டது. ஆய்வர் கையில் இல்லாத காகிதம். அதாவது சட்டம் சொல்லும் புது ஆதாரம்.

கேபினட் மூன்று இடங்களை ஆய்வர் சொன்னபடி நீக்க ஒப்புக்கொண்டது. புல்வெளியைப் பொறுத்தவரை விலக உத்தேசிக்கிறோம் என்று அறிவித்து ஆறு வாரம் கொடுத்தது. நில உரிமையாளர் குடும்பத்தின் கடிதம் வந்தது. அது நியாயமான கடிதம். தலைமுறை தலைமுறையாக ஊர் விழாவுக்கு இலவசமாக நிலம் கொடுத்தோம். அந்த நல்ல மனதையே இப்போது எங்களுக்கு எதிரான ஆதாரமாக வைக்கிறீர்களே என்று கேட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அறையில் யாரும் உடனே பேசவில்லை.

அந்தக் கேள்விக்கு எங்கள் முடிவறிக்கையில் நேர்ப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பசுமைவெளி அறிவிப்பால் பொதுமக்களுக்கு அந்த நிலத்தில் நுழையும் உரிமை எதுவும் பிறப்பதில்லை. நடைபாதையை மறிக்காதவரை, உரிமையாளர் விரும்பினால் நாளையே வேலி போடலாம். விவசாயம் செய்யத் தடையில்லை. வீடு கட்டும் வாய்ப்பு சுருங்குகிறது என்பது உண்மை. அது சொத்துரிமையில் தலையீடு. ஆனால் பொது நலனுக்காக, வரையறைக்குட்பட்டு, காரணத்தோடு செய்யப்படும் தலையீடு. இவ்வளவையும் மழுப்பாமல் எழுதினோம்.

இன்னொன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். இந்த வெளிகளில் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று ஊர் எழுதியிருந்த வரியை ஆய்வர் அடித்துவிட்டு, பசுமை வளையத்துக்கான தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகும்படி மாற்றியிருந்தார். பாதுகாப்பு நீர்த்துப்போகிறது என்று ஊருக்கு வருத்தம். அடுத்த அக்டோபரில், சாமர்செட்டின் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் ஊர்த்திட்ட வழக்கில், பசுமை வளையத்தைவிடக் கடுமையான பசுமைவெளிக் கொள்கையை நியாயம் காட்டாமல் வைத்ததற்காக அந்தக் கொள்கை சட்டப்படி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எங்கள் பழைய வரி அப்படியே இருந்திருந்தால் அதற்கும் அதே கதிதான். பில்டருக்குச் சாதகமானவர் என்று ஊர் பேசிய ஆய்வர்தான் அதிலிருந்து ஊரைக் காப்பாற்றியவர்.

முடிவறிக்கை 2020 பிப்ரவரியில் வெளியானது. வெளியிட்ட தேதி முதல் பக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61என் என்ற பிரிவு, ஊர்த்திட்டத்தின் முக்கியப் படிகளுக்குத் தனித்தனியே ஆறு வாரக் கெடு வைக்கிறது. ஆய்வர் அறிக்கை மீதான முடிவை எதிர்க்க வேண்டுமா, அது வெளியான மறுநாளிலிருந்து ஆறு வாரம். வாக்கெடுப்பை எதிர்க்க ஓர் ஆறு வாரம். திட்டம் அமலாவதை எதிர்க்க இன்னோர் ஆறு வாரம். நீட்டிக்க இடமில்லாத கெடு.

வாக்கெடுப்பு அந்த மே மாதம் நடந்திருக்க வேண்டும். மார்ச் 23 அன்று நாடு மூடியது. கொரோனாவால் இங்கிலாந்தில் ஊர்த்திட்ட வாக்கெடுப்புகள் எல்லாம் 2021 மே 6 வரை தள்ளிவைக்கப்பட்டன. அதுவரை காத்திருக்கும் திட்டங்களுக்குக் கட்டட அனுமதி முடிவுகளில் கணிசமான மதிப்புக் கொடுக்கலாம் என்று அரசு வழிகாட்டியது. ஆறு வாரக் கெடு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பில்டர் தரப்பிலிருந்து ஒரு வரியும் வராமல் கழிந்துபோனது.

2021 மே 6 அன்று வாக்கெடுப்பு. உள்ளாட்சித் தேர்தல் பட்டியலில் அந்த ஊர் முகவரியோடு இருப்பவர்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும் அதில் அடக்கம். ஊர்க் கடையை நடத்திய இந்தியக் குடும்பத்துக்கு ஓட்டு இருந்தது; வெளியூரில் அலுவலகம் வைத்திருக்கும் பில்டருக்கு இல்லை. போட்ட ஓட்டில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். அதைத் தாராளமாகத் தாண்டியது. வென்றபின் எட்டு வாரத்துக்குள் கவுன்சில் திட்டத்தை அமலாக்கியாக வேண்டும். முழு கவுன்சில் கூடி அமலாக்கியது.

அதன் பிறகுதான் பில்டரின் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. ஆய்வரின் பரிந்துரையை மறுத்தது நியாயமற்றது, பழைய பள்ளிக்கூடக் குறிப்பை வைத்து இன்றைய நிலத்தை முடக்கக் கூடாது, திட்டத்தையே ரத்து செய்யக் கோருவோம் என்று இருந்தது. வாதத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. ஆனால் தேதி தப்பு. அமலாக்கியதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் உண்மையில் தாக்கியது 2020 பிப்ரவரி முடிவை.

இதே கேள்விக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நாட்டின் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது. லங்காஷயரின் செயின்ட் ஆன்ஸ் ஊர்த்திட்டத்தில், ஒரு நிறுவனத்தின் நிலத்தைக் குடியிருப்பு எல்லைக்குள் கொண்டுவரும்படி ஆய்வர் பரிந்துரைத்தார். ஃபைல்டு கவுன்சில் மறுத்தது. நிறுவனம் அப்போது பேசாமல் இருந்துவிட்டு, திட்டம் அமலான பிறகு வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் தள்ளுபடி செய்தன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. முந்தைய படியில் நடந்த தவறை அந்தப் படியின் கெடுவுக்குள்ளேயே எழுப்ப வேண்டும். ஊரை ஓட்டுப் போட வைத்துவிட்டுப் பிறகு வந்து முதலிலிருந்து பேச முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

என் பதில் கடிதம் இரண்டு பகுதியாக இருந்தது. முதலில் அந்தத் தீர்ப்பும் தேதியும். இரண்டாவது, தேதி சரியாக இருந்தாலும் உங்களுக்கு வழக்கு இல்லை என்பதற்கு முடிவறிக்கையின் பத்திகள். முதல் பகுதி மட்டுமே போதும் என்று சக வக்கீல் ஒருவர் சொன்னார். கெடு தப்பியதால் தோற்றோம் என்று எதிர்த்தரப்பு நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பகை அடுத்த விண்ணப்பத்தில் வந்து நிற்கும் என்பது என் எண்ணம். கடிதத்தை மறுக்கும் பதில் எதுவும் வரவில்லை. மனுவும் தாக்கலாகவில்லை.

இப்போது வேறு ஊர்கள் வரைவோடு வரும்போது, முன்னுரையையும் புகைப்படங்களையும் தள்ளிவைத்துவிட்டு இட மதிப்பீட்டு அட்டவணையைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறேன். இரண்டு வரிசையில் ஒரே வாக்கியம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கவுன்சிலர்களிடமும் சொல்வது இதையே: ஊர் எழுதும் திட்டத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதாக நினைக்காதீர்கள், அது ஏன் நிற்கும், ஏன் நிற்காது என்று எழுதிவைக்கும் பொறுப்புத்தான் உங்களுடையது.

அந்த பில்டர் ஊரை விட்டுப் போய்விடவில்லை. ஊர்த்திட்டம் கிழக்கே வீட்டுமனைக்கு ஒதுக்கிய நிலத்தை வாங்கி அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. அந்த விண்ணப்பத்தின் வாதத்தில் பாதி, ஊர்த்திட்டத்திலிருந்து எடுத்த மேற்கோள்கள்; எந்தத் திட்டத்தை ரத்து செய்யக் கோருவோம் என்று நோட்டீஸ் அனுப்பினார்களோ அதே திட்டம். அனுமதி கிடைத்தது. அங்கே வசூலாகும் உள்கட்டமைப்பு வரியில் பாரிஷ் கவுன்சிலுக்கு 25 சதவீதம் போகிறது. ஊர்த்திட்டம் இல்லாத ஊராக இருந்திருந்தால் 15தான்.